கூண்டுக்குள் ஒருவர்

டிசம்பர் முப்பத்தொன்று, பிற்பகல் மூன்று மணி. வெல்டிங் கூண்டுக்குள் யாரும் இல்லை. நடீனின் லேப்டாப் மட்டும் ‘உள்ளே ஆள்: 1’ என்று காட்டியது.

அவள் எழுந்து கம்பி வலையை ஒட்டி நடந்து பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு ரோபோக்கள் தலை கவிழ்ந்து நின்றன. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சுழல்மேடை. மூன்று பக்கமும் தீப்பொறி தடுக்கும் கருஞ்சிவப்புத் திரைகள். மேடையின் பின்பக்கம் வெளியிலிருந்து தெரியாது. அதற்காகத்தான் தரையோரம் உணரிகள் வைத்திருந்தார்கள். உள்ளே யார் நின்றாலும் அவை லேப்டாப்பில் ஒரு புள்ளி வைக்கும். நடீன் எழுதிய நிரல் புள்ளிகளை எண்ணும். பூஜ்யம் வரும்வரை ரோபோக்கள் அசையாது.

புள்ளி பின்மூலையில் இருந்தது. மூன்று நாட்களாக அங்கேயே இருந்தது.

விடுமுறைக்கு ஆலை மூடியிருந்தது. கூண்டுக்கு மேலே மட்டும் விளக்குகள் எரிய, அதற்கு அப்பால் தகடு அழுத்தும் எந்திரங்களும் தள்ளுவண்டிகளும் இருட்டில் கரைந்து கிடந்தன. குளிரில் சுருங்கும் கூரைத் தகடுகள் எங்கோ ஒருமுறை முனகி அடங்க, காற்றுக்குழாய் ஒன்று மெல்லிய சீறலாய்க் கசிந்துகொண்டிருக்க, ஆறிப்போன எண்ணெயும் பழைய வெல்டிங் புகையும் கலந்த வாடை அவள் கம்பளிச் சட்டைக்குள் வரை ஏறியிருந்தது.

“என்ன புரொபசர், உன் பேய் இன்னிக்கும் வேலைக்கு வந்துருச்சா?”

வெர்ன். முப்பது வருடமாக இங்கே எலெக்ட்ரீஷியன். வாயில் எப்போதும் புதினா மணக்கும் புகையிலை.

“லீவே போடுறதில்ல பெரியவரே. உங்களை மாதிரியா?”

“அப்ப யூனியன்ல சேர்த்துவிடு. சந்தா கட்டட்டும்.”

அவர் கருவிப்பெட்டியை இறக்கி வைத்தார். அதன் மூடியில், வளையம் வெட்டப்பட்ட ஒரு பழைய பூட்டு கிடந்தது. கூண்டு புதியதல்ல. இந்தியானாவில் மூடிய ஓர் ஆலையிலிருந்து வாங்கியது. லாரியிலிருந்து இறக்கியபோதே அந்தப் பூட்டு அதன் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அதை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?”

“தூக்கிப் போட மனசு வரல. யாரோ ஒருத்தன் உள்ள போறப்ப மாட்டின பூட்டு. அவன் கையால திறக்கல பாரு. வேற யாரோ வெட்டியிருக்கான்.”

பூட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு துணியை எடுத்தார்.

நடீனின் போன் அடித்தது. மேலாளர் கர்ட்.

“சொல்லு, ஓடுதா?”

“இன்னும் ஒண்ணு காட்டுது கர்ட்.”

“உள்ள யாராவது இருக்காங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? அந்த உணரியை வாய மூடச் சொல்லு. இன்னிக்கு ஒரு தடவை ஓடினதைக் காட்டலேன்னா ஆர்டர் மெக்சிகோ போயிரும். நானூறு பேர் வீட்டுக்குப் போகணும். உன் தங்கச்சியும் அதுல ஒருத்தி. அவளுக்கு இப்பதானே குழந்தை பிறந்துச்சு? நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?”

அவன் வைத்துவிட்டான்.

வாயை மூடச் சொல்வது எளிது. ஒரே கட்டளை. உணரி என்ன சொன்னாலும் பூஜ்யம் என்று வைத்துக்கொள். சோதனையின்போது எல்லோரும் செய்வதுதான்.

“அதைச் செய்யாத,” என்றார் வெர்ன், அவள் முகத்தைப் பார்த்து. “முதல்ல நான் போய் அந்த உணரியோட கண்ணைத் துடைச்சுட்டு வரேன். பின்னாடி ரெண்டு இருக்கு, கழட்டித்தான் துடைக்கணும். கொஞ்ச நேரமாகும். இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும். நாளைக்குப் புத்தாண்டு, வழக்கம்போல பன்றிக்கறியும் புளிச்ச முட்டைக்கோஸும். அந்த நாத்தம் இப்பவே எங்க கார் ஷெட்ட தாண்டியிருக்கும்.”

சட்டைப்பையிலிருந்து தன் சிவப்புப் பூட்டை எடுத்தார். திறந்திருந்த கூண்டுக் கதவின் மின்சுவிட்சில் மாட்டி அழுத்தினார். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் போட்டுக்கொண்டார். பூட்டில் அவர் புகைப்படம். கீழே, ‘நான் உள்ளே இருக்கிறேன்.’ அது தொங்கும்வரை எதுவும் ஓடாது. அதை எடுக்க வேண்டியவர் அவர் மட்டுமே. முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது.

இடுப்பில் வாக்கி-டாக்கியைச் செருகி, துணியோடு திரைக்குப் பின்னால் போனார்.

உள்ளே ஆள்: 2.

நடீன் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிய புள்ளி மேடையைச் சுற்றிப் பின்மூலைக்குப் போனது. பழைய புள்ளி அசையவில்லை. இரண்டும் நெருங்கின. ஒட்டின. ஒன்றாகத் தெரிந்தன. திருகு ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு காற்றுக்குழாயின் சீறல் மட்டும்.

வெகுநேரம்.

ஒரு புள்ளி பிரிந்தது. மெதுவாகக் கதவை நோக்கி வந்தது.

வெர்ன் வெளியே வந்து அவள் பின்னால் நின்றார்.

உள்ளே ஆள்: 1.

“துடைச்சீங்களா?”

“துடைச்சேன்.”

“ஒண்ணும் மாறலையே.”

“மாறாது.”

அவள் நெற்றியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். அழுகை வரும்போல இருந்தது. “அப்ப நான் என்னதான் செய்யிறது வெர்ன்? எல்லா வரியும் பார்த்துட்டேன். எதுவுமே தப்பில்ல.”

“தப்பில்ல. அது எப்பவும் அப்படித்தான் காட்டும். ஓட்டு.”

“நீங்கதானே வேண்டாம்னீங்க?”

“ஓட்டு, நடீன்.”

புதினா மணக்கவில்லை. அணைத்துப் பல நாளான எந்திரத்தின் பக்கத்தில் நின்றால் வருமே, அந்தக் குளிர்ந்த இரும்பு வாடை. குளிரில் மூக்கு அடைத்திருக்கும் என்று நினைத்தாள்.

போன் மறுபடி அடித்தது. கர்ட். எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

“சரி,” என்றாள். “பூட்டை எடுங்க.”

அவர் கதவருகே போனார். பூட்டைப் பார்த்தார். அதிலிருந்த முகத்தைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவரின் படத்தைப் பார்ப்பதுபோல.

“சாவி இல்ல.”

“சங்கிலியில போட்டீங்களே?”

“உள்ள விழுந்துருச்சு. வெட்டிரு.”

கருவிப்பெட்டியில் நீளக் கைப்பிடியுள்ள வெட்டுக்கருவி இருந்தது. அவள் அதை எடுத்தாள். பத்து வருடத்தில் அவள் யாருடைய பூட்டையும் தொட்டதில்லை. ஆனால் பூட்டு எதற்கு? உள்ளே போனவர் வெளியே வந்துவிட்டாரா என்று தெரிவதற்கு. வந்துவிட்டார். இதோ நிற்கிறார். அவரே சொல்கிறார்.

வளையம் கடினமாக இருந்தது. முழு உடம்பையும் சாய்த்தாள். பட்டென்று அறுந்து பூட்டு சிமென்ட் தரையில் விழுந்தது. படம் மேலே தெரியக் கிடந்தது.

அவர் கதவைச் சாத்தினார். தாழ் தானாக இறங்கியது.

அவள் லேப்டாப்புக்குத் திரும்பி அந்தக் கட்டளையைத் தட்டினாள்.

உள்ளே ஆள்: 0.

எண் மாறிவிட்டது. புள்ளி மட்டும் பின்மூலையில் அப்படியே இருந்தது. அவள் எண்ணைத்தான் மாற்றினாள். புள்ளியை யாராலும் மாற்ற முடியாது.

“நான் அழுத்துறேன்,” என்றார் அவர்.

பச்சைப் பொத்தான் உள்ளே போனது. மஞ்சள் விளக்கு சுழன்றது. எச்சரிக்கை ஹாரன் அலறத் தொடங்கியது. அது நிற்கும்போது ரோபோக்கள் புறப்படும். அவற்றின் கழுத்துகள் நிமிர்ந்தன. திரைகளில் மஞ்சள் வெளிச்சம் போய்ப் போய் வந்தது.

அவருடைய இடுப்பு அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

வாக்கி-டாக்கி இல்லை.

துணி இல்லை. கழுத்தில் சங்கிலி இல்லை.

மூன்று நாட்களாக ஒன்று. வெர்ன் போனதும் இரண்டு. ஒருவர் வெளியே வந்ததும் ஒன்று.

வந்தது யார்.

நடீன் எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை நோக்கிப் பாய்ந்தாள். அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. வெர்னின் கை. வெர்னின் தடித்த விரல்கள். அவள் அவற்றை இழுத்தாள். நகங்களால் கிழித்தாள். குளிர்ந்த இரும்பு. ஒரு விரல்கூட நகரவில்லை. மறு கை நிதானமாக நீண்டு லேப்டாப்பை மூடியது.

“வெர்ன்!” என்று கத்தினாள், கூண்டைப் பார்த்து. ஹாரன் அதை விழுங்கியது.

பக்கத்தில் இருந்த முகம் வெர்னின் முகம்தான். அது அவளைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த வெட்டுப்பட்ட பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேசையில் அவளுடைய வாக்கி-டாக்கி கரகரத்தது. குரலில் பயமே இல்லை. வாயில் புகையிலை ஒதுக்கிய, சிரிப்பு கலந்த குரல்.

“புரொபசர், ஹாரனை வச்சு விளையாடாத. கடைசித் திருகை மாட்டிக்கிட்டிருக்கேன். என் பூட்டு கதவுல தொங்குதில்ல?”