யாரும் வராத நாளில் போன சரிகை

காலை மணி எட்டு. ஜெயம்மாளின் தறியை முடக்க இன்ஸ்பெக்டர் அர்ஜுனன் வந்து நின்றார். 1971, மார்கழி. சின்ன காஞ்சிபுரத்துத் தெரு பனியில் மிதந்தது. தறிச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

ஆறு மாதமாக நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துச் சரிகைக் கிடங்கிலிருந்து ஜெயம்மாள் பெயரில் சரிகை போயிருந்தது. பாதிக்குமேல் சேலையாகத் திரும்பவில்லை. வாங்கியதையெல்லாம் நெய்து கொடுத்துவிட்டதாக அவள் சாதித்தாள். மாலைக்குள் கணக்குத் தீராவிட்டால் அவளுடைய ஒரே தறி ஜப்தி, அவள் லாக்கப்பில்.

கூட வந்த குணமாலா கைத்தறித் துறையில் தற்காலிக குமாஸ்தா. ஓரிக்கைக்கு அப்பால் ஒரு சமணக் குடியானவர் வீட்டின் முதல் பட்டதாரி. படித்தது புள்ளியியல், அலுவலகத்தில் அவளை நம்பிக் கொடுத்த வேலை ஃபைல் சுமப்பது.

“பட்டு இல்லாம வெறும் சரிகைய வெச்சு யாரு சார் சேலை நெய்வாங்க?” என்றாள். “பட்டுக் கணக்கப் பார்த்தீங்களா?”

“அது பெரிய காஞ்சிபுரத்துல இருக்குது. வேற ஆபீஸ்மா.”

“ஆபீஸ் வேற. தறி ஒண்ணுதானே?”

முதலில் சரிகைக் கிடங்குக்குப் போனார்கள். கிடங்குக்காரர் கலியாணசுந்தரம் வெளியூர்க்காரர், சாது. நோட்டைக் காட்டியபடியே, மாதத்தில் ஒருநாள் ஈ காக்கைகூட வராது, அன்றும் தனியாகக் காவல் காக்கிறேன் என்று அலுத்துக்கொண்டார்.

பகல் பன்னிரண்டு. பட்டு ஆபீஸில் நோட்டை வெளியே விடமாட்டோம் என்றார்கள். குணமாலா அங்கேயே உட்கார்ந்து நகல் எடுத்து, கிடங்கில் குறித்துவந்த சரிகைக் கணக்கின் பக்கத்தில் வைத்தாள். அங்கே தமிழ்த் தேதி, கிடங்கில் இங்கிலீஷ் தேதி, ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரு பஞ்சாங்கத்தை நடுவில் விரித்தாள். அதன்பின் எண்கள் கனவில் நடப்பவர்கள்போல் மெல்ல எழுந்து, இந்தப் பக்கத்துச் சரிகை அந்தப் பக்கத்துப் பட்டைத் தேடிப்போய் ஜோடி சேர்ந்தது. சில வரிகள் மட்டும், அதுவும் பெரிய அளவு எழுதியவை, துணையில்லாமல் நின்றன. பஞ்சாங்கத்தில் அந்த நாட்களைப் பார்த்தாள்.

மாலை நான்கு. கிடங்கில் கலியாணசுந்தரம் எதிரிலேயே அர்ஜுனனிடம் சொன்னாள்.

“ஜோடி சேராத வரி எல்லாமே அமாவாசை சார். அன்னிக்கு இந்த ஊர்ல எவனும் தறியில கை வெக்கமாட்டான், சரிகை வாங்கவும் வரமாட்டான். பட்டு நோட்டுல அந்த நாளே காலி. யாரும் பார்க்காத நாளாப் பார்த்து இவரு எடுத்திருக்காரு. அதே நாள்ல ஜெயம்மா வந்து வாங்குனதா எழுதியும் வெச்சிருக்காரு. வெளியூர்க்காரரு, இவருக்கு அது வெறும் இங்கிலீஷ் தேதி. நீங்களும் வெறும் தேதியாத்தான் பார்த்தீங்க.”

கலியாணசுந்தரம் தன் அறைச் சாவியை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். அவரது வாடகை அறையில் சரிகைக் கட்டுகள் கிடைத்தன.

அர்ஜுனன் ஜெயம்மாள் வீட்டுக்குப் போய், தவறு நடந்துவிட்டது என்று இழுத்து இழுத்துச் சொன்னார். அவள் ஏற்கெனவே தறிக்குழியில் இறங்கி நெய்துகொண்டிருந்தாள்.

“தள்ளி நில்லுங்க சார்,” என்றாள். “வெளிச்சத்த மறைச்சிக்கினு நிக்கிறீங்க.”