மதில் மேல் பாடியவள்

எச்சில் விழுங்கினால் காது வரை வலித்தது. அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் மூன்று நாள் அவள் இடத்தில் சிமெண்ட் கிடங்கில் நின்றேன். கிழிந்த மூட்டைகளின் சிமெண்டைச் சலித்து மறுபடியும் கட்டும் வேலை. நான்காம் நாள் காலை வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

அன்று மதியம் இரண்டு மணிக்குக் கல்லூரியில் இசை நாடகம். அதில் கதாநாயகி நான்.

பாட்டுக்காகத்தான் எனக்கு அங்கே இடம் கொடுத்திருந்தார்கள். வருடாந்திர நாடகத்தில் பாடவில்லை என்றால் இடம் போய்விடும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். போனால் நான் எங்கே போவேன் என்பது எனக்குத் தெரியும். அம்மா பதினாறு வயதில் அந்தக் கிடங்குக்குப் போனவள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

பின்வாசல் வழியாக அரங்கத்துக்குள் நுழைந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்து இருட்டாக்கி வைத்திருந்தார்கள். ஒட்டுப்பலகையும் பெயிண்டும் வேர்வையும் கலந்த வாசனை. மேடை நடுவே எட்டடி உயரத்தில் பலகைக் கோட்டை மதில். அதன் மேல் நின்றுதான் மூன்று பாட்டையும் பாட வேண்டும். கிடங்கில் மூட்டை அடுக்கும் சாரத்தில் ஏறி இறங்கி வளர்ந்தவள் நான். தாங்கி நிற்கும் முட்டுக்கட்டையை உதைத்துப் பார்க்காமல் எதிலும் ஏற மாட்டேன். அன்றும் உதைத்தேன். அசையவில்லை.

ஒலிபெருக்கி வேலை பார்க்கும் அண்ணனுக்குக் கல்லூரியில் 'மிக்ஸர்' என்று பெயர். பதினைந்து வருடமாக அங்கே இருப்பவர். என் காதோரம் மைக்கை ஒட்டிவிட்டு, "பேசு, லெவல் பாக்கணும்" என்றார்.

"ஹ்ஹ..."

"என்னம்மா இது, பஞ்சர் ஆன டயரா?"

சிரித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"அண்ணா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்," என்று காற்றாகவே பேசினேன். "மேடத்துக்குத் தெரியக்கூடாது."

நாடகத்தை நடத்தும் ஆசிரியையைத்தான் அப்படிச் சொன்னேன்.

"தெரியாமயா இருக்கும்? நீ வாயைத் திறந்தா கடைசி வரிசைக்கே தெரிஞ்சிடும்."

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு பழைய சி.டி.யை எடுத்தார்.

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி இதே நாடகம் போட்டாங்க. ஒத்திகையில பதிவு பண்ணது. உன் மூணு பாட்டும் இதுல இருக்கு. நீ சும்மா வாயசை. உன் மைக்கை நான் அமுக்கிடறேன்."

"யார் பாடினது?"

"உன்ன மாதிரி ஒரு பொண்ணு."

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்றதுக்கு அவ இல்ல." சி.டி.யைச் சட்டையில் துடைத்தார். "போ, நேரமாச்சு."

இல்லை என்றால் என்ன ஆனாள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவர் மனம் மாறிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

திரை உயர்ந்தது. ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்தது. என்னுடையதைவிடக் கொஞ்சம் தடித்த குரல். வாயசைத்தேன். கூட்டம் வாயடைத்துக் கேட்டது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

இரண்டாம் பாட்டின் நடுவில் இருமல் வந்தது. அடக்க முடியவில்லை. மதில் மேலேயே குனிந்து இருமினேன். நான் இல்லாமலே பாட்டு ஓடப்போகிறது, மானம் கப்பலேறப்போகிறது.

குரல் நின்றது.

இசை ஓடிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் நின்றது. நான் இருமி முடித்து, நிமிர்ந்து, வாயைத் திறந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தது.

சி.டி. யாருக்காகவும் காத்திருக்காது.

எதிர்க்கோடியில் கண்ணாடி அறைக்குள் மிக்ஸர் அண்ணன் எழுந்து நின்றிருந்தார்.

மூன்றாம் பாட்டில் என் விலா எலும்புகள் விரிந்தன. நான் மூச்சிழுக்கவில்லை. எனக்குள் வேறு யாரோ இழுத்தார்கள். அந்த இரண்டடி அகல மதிலில், என் இடது தோளை ஒட்டி, ஓர் உடம்பின் சூடு இருந்தது. வேலை செய்து வந்த உடம்பின் சூடு.

திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்தது. விளக்குகள் அணைந்தன. கைதட்டல் இடித்தது.

அந்த இருட்டில் இன்னொரு பாட்டு தொடங்கியது. நான் கேட்டே இராத பாட்டு. இசை இல்லை. ஸ்பீக்கரிலிருந்தும் வரவில்லை.

என் வாயிலிருந்து வந்தது.

ஓர் அடி. இரண்டாம் அடி. தொண்டைக்குள் மணலை வைத்துத் தேய்ப்பதுபோல் எரிந்தது.

"முடிஞ்சிடுச்சுடி, இறங்கு," என்று திரைக்குப் பின்னாலிருந்து மேடம் கிசுகிசுத்தார்.

காலடியில் மரம் முனகியது. முட்டு நழுவும் சத்தம் எனக்குப் புதிதல்ல. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஏணியில் சரிந்தேன். பாட்டு என் உள்ளங்கையில் சூடாக அடித்துக்கொண்டே இருந்தது. தரையைத் தொட்டதும் நின்றது.

மேடம் கட்டிப்பிடித்தார். "கலக்கிட்டடி! கடைசியில அது என்ன, சொல்லாம கொள்ளாம ஒண்ணு?"

இடம் பிழைத்தது.

கண்ணாடி அறைக்கு ஓடினேன். மிக்ஸர் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பாட்டு அப்ப நாடகத்துல இருந்துச்சு," என்றார் என்னைப் பார்க்காமல். "ஒத்திகையில அவ ரெண்டு அடிதான் பாடினா. மதில் சரிஞ்சு, தலை முதல்ல விழுந்தா. அதோட அந்தப் பாட்டையே எடுத்துட்டாங்க."

"முட்டு சரியா இல்லையா?"

"ஆள் பத்தலன்னு என்னையே முட்டு அடிக்கச் சொன்னாங்க. எனக்கு மரவேலை தெரியாதும்மா." அழுதார். "நான்தான் அடிச்சேன்."

மாலையில் குரல் திரும்பியிருந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, இடம் போகல."

"யாரும்மா நீ? என் பொண்ணு போன் உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

"நான்தாம்மா."

"விளையாடாத தாயி. அவகிட்ட குடு."

மூன்று மாதம் ஆகிறது. நான் பேசினால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, தலையை மட்டும் ஆட்டச் சொல்கிறாள். கண் அயர்ந்தால் போதும், என் வாய் அந்த இரண்டு அடியைப் பாடி, மூன்றாம் அடிக்கு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். மீதிச் சொற்கள் எல்லாம் இப்போது எனக்குத் தெரியும். யாரும் சொல்லித்தரவில்லை. எங்கே ஏறி நின்று பாட வேண்டும் என்பதும் தெரியும். அதற்குத்தான் துணிவு வரவில்லை.

அவளிடம் மூன்று பாட்டு வாங்கினேன். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்று. அதில் இரண்டு அடி கொடுத்திருக்கிறேன். ஆறு அடி பாக்கி.