பாராட்டு விழாவுக்கு வராத என்ஜினீயர்

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சிவதாணு பிள்ளையின் கழுத்தில் தோவாளைப் பூமாலை விழவேண்டும். காலை ஏழு மணிக்கே அவர் குறத்தியோடையில், புதிய தொட்டிப்பாலத்தின் அடியில், பாறைமேல் மல்லாந்து கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. திறந்த கண்கள் தலைக்குமேலே உயரத்தில் போன பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

பூதப்பாண்டி சப் இன்ஸ்பெக்டர் ஞானசிங் எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார். கருங்கல் ஊர்க்காரர். ஒழுங்கின்மேல் அப்படியொரு பைத்தியம். மேசைமேல் பேனா கோணலாகக் கிடந்தால்கூட அதை நேராக்கி வைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார். ஸ்டேஷனில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. அன்றைக்கு அந்தப் பைத்தியந்தான் அவருக்குக் கைகொடுத்தது.

அவர் முதலில் பிணத்தின் கையைப் பார்த்தார். வலது கட்டைவிரல் நகத்துக்கடியில் சாம்பல் நிறத் துகள் அப்பியிருந்தது. பிறகு பாலத்தின்மேல் ஏறிப் பார்த்தார். கைப்பிடிச் சுவரோரம் ஒரு ஜோடி செருப்பு, கோவில் வாசலில் கழற்றி விட்டதைப்போல ஒழுங்காக இருந்தது.

அது 1953, தை மாதம். மராமத்து இலாகாவில் தலை நரைக்குமட்டும் உழைத்து ஓய்வு பெற்ற இரண்டு என்ஜினீயர்களுக்கு அன்று பாராட்டு விழா. ஒருவர் சிவதாணு பிள்ளை. மற்றவர் அவருடைய பால்ய சிநேகிதர் கணபதியப்ப பிள்ளை. இவர்கள் இருவரும் வெட்டிய கால்வாய்களை நம்பித்தான் அந்தப் பக்கத்தில் நெல் விளைந்தது. மாலை மரியாதை முடிந்ததும் புதுத் தொட்டிப்பாலத்தில் தண்ணீர் திறந்துவிட ஏற்பாடு. ஓடைக்கு இந்தப் பக்கத்துக் கால்வாய்த் தண்ணீரை உயரத்திலேயே அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகும் கல்தொட்டி அது. கட்டியவர் காண்டிராக்டர் கிருஷ்ணமணி. விழாக் கமிட்டிக் காரியதரிசியும் அவர்தான்.

வாக்குமூலத்தையும் அவர்தான் முதலில் கொடுத்தார். எதிர்மேட்டில் இருந்த மராமத்து பங்களா வராந்தாவில் நின்று சொன்னார்.

"பந்தல் வேலை பாக்க விடிஞ்சு வெளுக்கும்பமே வந்தேன் சாரே. விழாவுல காட்சிக்கு வெய்க்கதுக்கு சிவதாணு சாரு மட்டம் பாக்குத பழைய தூரக்கண்ணாடி, அந்த லெவல் கண்ணாடிய இந்த வராந்தாவுல முக்காலி போட்டு நிறுத்தியிருந்தாவ. சும்மா ஒரு ஆசை. கண்ண வச்சுப் பாத்தேன். பாலத்துமேல சிவதாணு சாரு தனியா நிக்காரு. கைக்கெட்டுத தூரத்துல நிக்குத மாதிரி அவ்வளவு தெளிவு. செருப்பக் களத்தி வச்சாரு. சொவருல ஏறினாரு. ஒரு கும்பிடு போட்டாரு. அப்பிடியே கீழ சாடிட்டாரு."

"பக்கத்துல ஆரும் இல்லியா?"

"ஈ காக்கா இல்ல."

"வெறுங்கண்ணுக்குத் தெரியாதோ?"

"ஆளு நிக்கது தெரியும். ஆருன்னு தெரியாது சாரே. நீங்களே பாருங்க."

ஞானசிங் வெறுங்கண்ணால் பார்த்தார். பாலத்தில் காவலுக்கு நின்ற ஏட்டு மரியான், கடியப்பட்டணத்துக் கடலில் வளர்ந்த ஆறடி ஆள், அங்கிருந்து ஒரு காக்கிப் புள்ளியாகத்தான் தெரிந்தான். கிருஷ்ணமணி சொன்னது சரிதான்.

"எதுக்குச் சாடணும்?"

"அவரு கட்டின பழைய மதகு ஒண்ணுல கீறல் விட்டிருக்குன்னு ஊருல பேச்சு. மானஸ்தன்லா? எந்த மூஞ்சிய வச்சிட்டு மாலை வாங்கன்னு எங்கிட்ட சொல்லிச் சங்கடப்பட்டாரு."

கணபதியப்ப பிள்ளை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழுவதையும் கேட்டார், தலையை மட்டும் ஆட்டினார். சாவுச் செய்தி வந்ததும் அவர் செய்த ஒரே காரியம், சிநேகிதனுடைய லெவல் கண்ணாடியைத் துடைத்து மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுதான். அடுத்தவர் கை அதில் பட அந்த இரண்டு பேரும் என்றைக்கும் விட்டதில்லை. சாவி அவர் மடியில் இருந்தது.

செத்தவரின் மகள் அழகியநாயகி அறைக்குள்ளிருந்து வந்தாள். முப்பது வயதிருக்கும். பள்ளிக்கூட டீச்சர். அழுது முடித்த முகம்.

"எங்கப்பா சாடல்ல சாரே."

"பாத்த சாட்சி இருக்கே அம்மா."

"சாட்சி இருக்கட்டும். நீங்க தற்கொலைன்னு எழுதினா ஊரு என்ன சொல்லும் தெரியுமா? குத்தம் செய்தவன் பயந்து செத்தான்னு சொல்லும். இனி எந்த வாய்க்கால் உடைஞ்சாலும் எங்கப்பா பேருதான் அடிபடும். ஒரு ஆயுசு முழுக்க வெயிலு தின்ன மனுசன். அந்தப் பேரு ஒண்ணுதான் அவருக்க சம்பாத்தியம்."

ஞானசிங்கின் மனசு அவள் பக்கம் சாய்ந்தது. ஆனால் போலீஸ்காரன் மனசு சாய்வதை எந்தக் கோர்ட்டும் ஏற்றுக்கொள்வதில்லை. அவர் சிவதாணு பிள்ளை தங்கியிருந்த அறைக்குள் போனார்.

கட்டிலை ஒட்டிய மேசையில் இரண்டு கண்ணாடித் தம்ளர். இரண்டிலும் தண்ணீர். ஒன்றில் செம்மண் நிறத்தில் ஒரு கட்டி அப்படியே கிடந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. மற்றதில் கட்டியே இல்லை. அடியில் சாம்பல் நிறச் சேறு, மேலே கலங்கல்.

"கழுவிப் போடட்டா ஏமானே?" என்று பங்களாக் காவல்காரன் இஞ்ஞாசி கையை நீட்டினான்.

"தொட்டியோ, கையை ஒடிப்பேன்."

வராந்தாவுக்குத் திரும்பினால் சுவரில் ஒரு நெட்டை மரச்சட்டம் சாய்ந்திருந்தது. மட்டம் பார்க்கும்போது தூரத்தில் ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்பானே, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுபோட்ட அளவுக்கோல், அதுதான். அதிலிருந்த எண்கள் எல்லாம் தலைகீழாக நின்றன. ஞானசிங்குக்குப் பொறுக்குமா? கோலைத் தூக்கிப் புரட்டி நிறுத்தினார்.

"அய்யோ, அப்பிடி வெய்க்கப்பிடாது ஏமானே," என்றான் இஞ்ஞாசி. "இரும்புப் பூண் கீழயாக்கும் இருக்கணும்."

"நம்பரு தலைகீழா நிக்கே?"

"அது எப்பமும் அப்பிடித்தான். ஏன்னு ஆருக்குத் தெரியும்?"

ஞானசிங் கோலைப் பழையபடி நிறுத்தினார். ஆனால் கண்ணில் விழுந்த தூசிபோல அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

கணபதியப்ப பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுத் தம்ளர்களைக் காட்டினார். கிழவரின் முகம் வெளுத்தது.

"காரைக்கட்டி," என்றார். "அது சிவதாணுக்க வழக்கம். ராத்திரி தண்ணியில போட்டு வெய்ப்பான். செங்கல்பொடி சேத்து ஒழுங்கா அரைச்ச சுண்ணாம்புக் காரைன்னா காலம்பற வரைக்கும் கல்லு மாதிரி கெடக்கும். கள்ளக் காரைன்னா கரைஞ்சிரும்."

"செவப்பு எதுல உள்ளது?"

"அவன் கட்டின பழைய மதகு. கீறல் விட்டிருக்குன்னு சொன்னாவல்லா, அது."

"கரைஞ்சது?"

கிழவர் ஜன்னல் வழியே புதுப் பாலத்தைப் பார்த்தார்.

பதினொரு மணி வெயிலில் ஞானசிங் தனியாகப் பாலத்துக்கு நடந்தார். கைப்பிடிச் சுவரில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே, கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார். காரை உதிர்ந்தது. சாம்பல் நிறம். பிணத்தின் நகத்துக்குள் இருந்ததும் தம்ளரின் அடியில் கிடந்ததும் இதேதான். அவர் கீழே எட்டிப் பார்த்தார். ஓடைக்கரையில் விழாச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் திறப்பதைப் பார்க்க ஊர்க்கூட்டம் வந்து நிற்கப்போவதும் அங்கேதான்.

பழைய மதகின் காரை கல்லாக நிற்கிறது. அப்புறம் சிவதாணு பிள்ளை எதற்கு வெட்கப்பட வேண்டும்? சாகப்போகிறவன் காரையைச் சுரண்டுவானா? வெட்கப்பட வேண்டியவன் வேறொருவன். ஆனால் அந்த வேறொருவன் பங்களா வராந்தாவில் நின்று கண்ணாடியில் பார்த்ததாகச் சொல்கிறான். அதை உடைக்க என்ன இருக்கிறது?

பங்களாவுக்கு வந்தவர் மறுபடியும் அளவுக்கோல் முன்னால் நின்றுவிட்டார்.

"என்ஜினீயர் சாரே, இந்த நம்பரு எதுக்குத் தலைகீழா எழுதியிருக்கு?"

கணபதியப்ப பிள்ளை எங்கோ பார்த்தபடி, வாடிக்கைக் கேள்விக்குப் பதில் சொல்வதைப்போலச் சொன்னார்: "கண்ணாடிக்குள்ள நேராத் தெரியணும்லா."

ஞானசிங் கோலை இன்னொரு தடவை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பிறகு கிழவரின் மடியிலிருந்த பெட்டிச் சாவியைக் கேட்டார்.

பிற்பகல் மூன்று மணி. வராந்தாவில் லெவல் கண்ணாடி மறுபடியும் முக்காலியில் நின்றது. கணபதியப்ப பிள்ளை அதைப் பாலத்தை நோக்கித் திருப்பிக் கொடுத்திருந்தார். பாலத்தில் ஏட்டு மரியான் நின்றான். அழகியநாயகி தூணருகே நின்றாள்.

"காண்டிராக்டரே, ஒரு சின்ன உபகாரம்," என்றார் ஞானசிங். "ஏட்டு அங்க என்ன செய்யியான்னு பாத்துச் சொல்லும். காலம்பற பாத்த கண்ணுதானே."

கிருஷ்ணமணி குனிந்து கண்ணை வைத்தார்.

வைத்த வேகத்தில் துள்ளிப் பின்னால் வந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு கண்ணாடியின் முன்பக்கத்தைப் போய்ப் பார்த்தார். பிறகு ஞானசிங்கைப் பார்த்தார். அதற்குள் காரியம் கெட்டுப்போயிருந்தது.

"என்னவே தெரிஞ்சு?"

"இது... இதுல என்னமோ கோளாறு இருக்கு."

"ஒரு கோளாறும் இல்ல. ஏட்டு தலைகீழாத் தொங்குகான், கால் மேல, தலை கீழ. வானம் அடியில கெடக்கு. அதுதானே? இந்தப் பழைய கண்ணாடியில எல்லாம் அப்பிடித்தான் தெரியும். அதனாலதான் கோலுல நம்பர தலைகீழா எழுதுகாவ. காலம்பற நீரு இதுல பாத்திருந்தா, உம்ம வாயில வந்திருக்க முதல் வார்த்தை என்னது? 'மனுசன் தலைகீழா நின்னாரு சாரே, மேல பாத்து விழுந்தாரு'ன்னுதானே சொல்லியிருப்பீரு? நீரு சொன்னதுல சாரு நேரா நின்னு, நேரா கும்பிட்டு, கீழ சாடினாரு. ஆயுசுல இப்பந்தான் முதல்தடவை இதுல கண்ண வெய்க்கியீரு."

கிருஷ்ணமணி வராந்தாப் படியைப் பார்த்தார், ஞானசிங் குறுக்கே வந்து நின்றார்.

"பாலம் கட்டும்போ இந்தக் கண்ணாடிக்கிட்ட உம்ம அண்ட விட்டிருக்க மாட்டாவ. தூரத்துல கோலு பிடிக்க ஆளு மட்டும் அனுப்பியிருப்பீரு. விடியற்காலம் கட்டி கரைஞ்சதப் பாத்துட்டு சிவதாணு சாரு பாலத்துக்குப் போனாரு. சொவருல குனிஞ்சு காரையச் சுரண்டிட்டு நின்னவரக் காலப் பிடிச்சு வாரிவிட்டீரு. செருப்ப அடுக்கி வச்சீரு. வேற ஆரும் இல்லன்னு சொல்ல ஒரு கண்ணு வேணும். அதுக்குத்தான் இந்தக் கண்ணாடி."

"மேடையில வச்சுச் சொல்லப்போறேன்னாரு," என்றார் கிருஷ்ணமணி. "அத்தனை பேரு முன்னால. தண்ணி திறக்கப்பிடாதுன்னு. கெஞ்சினேன். திரும்பிக்கூடப் பாக்கல்ல."

இஞ்ஞாசி அடித்த விசிலில் ஏட்டு மரியான் மேடேறி ஓடிவந்து விலங்கை மாட்டினான். அழகியநாயகி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எங்கப்பா சாடல்ல," என்று தனக்குத்தானே சொன்னாள். காலையில் சொன்ன அதே வார்த்தைதான். அப்போது இல்லாத அழுகை இப்போது அதில் இருந்தது.

ஞானசிங் கணபதியப்ப பிள்ளை பக்கம் திரும்பினார்.

"தலைகீழாத் தெரியும்னு காலம்பறயே ஒரு வாக்குச் சொல்லியிருக்கலாமே சாரே."

"தோணவே இல்ல," என்றார் கிழவர். "ஒரு ஆயுசு இதுல பாத்த கண்ணு. எனக்கு அது தலைகீழே இல்ல. அவன் சொன்னதக் கேட்டேன், சரியாத்தான் பட்டுது."

"ஒண்ணு மட்டும் எனக்கு ஒட்டல்ல. சிவதாணு சாரு மேடையில பேசப்போறாருன்னு காண்டிராக்டருக்கு எப்பிடித் தெரிஞ்சு? கட்டியத் தண்ணியில போட்டதே நேத்து ராத்திரிதானே?"

கிழவர் மேல்துண்டால் லெவல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"நாந்தான் சொன்னேன். விடியற்காலம் கரைஞ்ச கட்டியக் காட்டி, மேடையில சொல்லப்போறேன்னு எங்கிட்ட சொன்னான். நல்ல நாளும் அதுவுமா எதுக்குச் சண்டை, மாலை விழட்டும், பொறவு பேசிக்கிடலாம்னு சிவதாணுக்கிட்ட சொன்னேன். கேக்கல்ல. கிருஷ்ணமணியக் கூப்பிட்டு, நீ போய் சமாதானம் பேசுன்னு சொல்லி அனுப்பினேன். எனக்கும் மாலை உண்டே. அது கெட்டுப்போவப்பிடாதுன்னு நெனச்சேன்."

பாதை வளைவில் தோவாளையிலிருந்து பூக்கூடை வந்துகொண்டிருந்தது. மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன. மேளக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள், சாவுச் செய்தியை அவர்களுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை.

அழகியநாயகி எழுந்து அறைக்குள் போனாள். இரண்டு தம்ளரையும் ஒரு தட்டில் வைத்து, தண்ணீர் சிந்தாமல் எடுத்துவந்து கிழவரின் முன்னால் நீட்டினாள்.

"விழா நடக்கட்டும் மாமா. அப்பா சொல்லவேண்டியத நீங்க சொல்லுங்க. இப்பம் எங்ககிட்ட சொன்னதையும் சேத்துச் சொல்லணும்."

கிழவர் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்க்க முடியவில்லை.

ஐந்து மணிக்குக் கணபதியப்ப பிள்ளை மேடையேறினார். மாலையோடு முன்னால் வந்தவரைக் கையால் விலக்கினார். கீழே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவர் வெட்டிய வாய்க்காலில் பாசனம் செய்கிறவர்கள். கலங்கல் தம்ளரை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். தூக்கிய வேகத்தில் அடியில் படிந்திருந்த சேறு மறுபடியும் கலங்கியது.