மூன்று படகு, நாலு குரல்

"நாலு!"

பனிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தபோது ஆற்றில் இருந்தவை மூன்றே மூன்று கயாக் படகுகள்.

முதல் படகில் வழிகாட்டிப் பெண். இரண்டாவதில் அண்ணி. மூன்றாவதில் அவன்... அவளுடைய கொழுந்தன்.

அரைநாள் பயணம். வழியில் மூன்று ஊற்றுகள். கிளம்பும்போதே வழிகாட்டி சொல்லியிருந்தாள்.

"ஊத்துத் தண்ணி வெதுவெதுப்பா இருக்கும். காலைக் காத்து ஜில்லுனு இருக்கும். அதனால ஊத்துப் பக்கம் போனாலே பனி மூடிக்கும், முன்னாடி போற படகு கூடத் தெரியாது. நான் விசில் அடிச்சா அவங்கவங்க நம்பரைச் சொல்லணும். யாரும் தொலைஞ்சு போகாம இருக்க அதுதான் வழி."

முதல் ஊற்றில் விசில் அடித்தாள்.

"ஒண்ணு," என்றாள் அவளே.

"ரெண்டு," என்றாள் அண்ணி.

"மூணு," என்றான் அவன்.

அதற்குப் பிறகுதான் அந்த "நாலு"!

அது அண்ணனின் குரல்.

போன வருஷம் அண்ணனும் தம்பியும் இதே ஆற்றுக்குத் தனியாக வந்தார்கள். தம்பி மட்டும் வீடு திரும்பினான். 'நம்ம அச்சகத்தை வித்துடலாம்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டு, கரையேறினதும் பஸ் பிடிச்சுப் போயிட்டாரு' என்றான். எல்லோரும் நம்பினார்கள். அண்ணி மட்டும் வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். புருஷன் இருக்கிறானா, இல்லையா? அது தெரியாமல் அவளால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை.

போன வாரம் திடீரென்று கேட்டாள். 'அவர் கடைசியாப் பார்த்த ஆத்தை நானும் ஒரு தடவை பார்க்கணும். கூட வரீங்களா தம்பி?'

மாட்டேன் என்றால், ஏன் என்று கேட்பாள். வந்துவிட்டான்.

"அண்ணி... கேட்டுச்சா?"

"என்னது?"

"யாரோ நாலுன்னு..."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. நேத்து சரியாத் தூங்கலையா தம்பி?"

வழிகாட்டி சிரித்தாள். "தண்ணில குரல் எதிரொலிக்கும் சார். துடுப்பைப் போடுங்க."

போட்டான்.

இரண்டாவது ஊற்று.

விசில். ஒண்ணு... ரெண்டு... மூணு...

"நாலு."

இந்தத் தடவை இன்னும் கிட்டே! குரலில் கோபம் இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாக இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"மேடம்! எனக்குப் பின்னாடி யார் வர்றது?"

"யாரும் இல்ல சார். நீங்கதான் கடைசி."

திரும்பிப் பார்க்கலாம். ஆனால் கழுத்து திரும்ப மறுத்தது.

மூன்றாவது ஊற்று. இருப்பதிலேயே ஆழமானது. மேலே கண்ணை மறைக்கும் பனி. கீழே துல்லியமான தண்ணீர். அடியில் மணல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு பாறை. அந்தப் பாறையைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

விசில்.

"ஒண்ணு."

"ரெண்டு."

அவனுக்கு வாய் எழவில்லை.

"மூணு சொல்லுடா," என்றது அண்ணனின் குரல், அவன் காதோரத்தில். "உன் நம்பர்தானே?"

துடுப்பு தண்ணீரில் விழுந்தது.

"போதும்ணே! ஆமா... நான்தான். துடுப்பால அடிச்சேன். நீ திரும்பத் திரும்ப மேல வந்தே... லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிட்டு அமுக்கினேன். கல்லைக் கட்டி அந்தப் பாறைக்கு அடியில விட்டேன். போதும்ணே, என்னை விட்டுடு..."

அண்ணி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வருஷமாகத் தேக்கி வைத்திருந்த அழுகை!

வழிகாட்டி லைஃப் ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு ஓர் அடையாள அட்டையை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர். கரைக்குப் போகலாம் சார். விலங்கு அங்கே தயாரா இருக்கு."

"பயமுறுத்தி வாங்கின வாக்குமூலம்..." அவன் பல் தந்தியடித்தது. "கோர்ட்ல செல்லாது."

"அது செல்லாட்டி போகுது. பாறைக்கு அடியில இருக்கிறது செல்லும்."

கரையேறியதும் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் குடுத்த அவரோட வீடியோவை வச்சு உங்க கான்ஸ்டபிள் எப்படிப் பழகியிருக்காரு மேடம்! அச்சு அசல் அவர் குரல். எனக்கே தூக்கிவாரிப் போட்டுது."

"மிமிக்ரில கெட்டிக்காரன்மா. பனிக்குள்ள மறைஞ்சு நாலாவது படகுல வந்து 'நாலு'ன்னு மட்டும்தான் சொல்லச் சொன்னேன். மீதியெல்லாம் அவன் சொந்தச் சரக்கு."

அப்போது சாலையில் ஜீப் வந்து நின்றது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து, கான்ஸ்டபிள் இறங்கினார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"மன்னிச்சிருங்க மேடம்..." என்றார் கரகரப்பாக. "கிளம்பின இடத்துலயே படகு கவுந்துடுச்சு. போனும் தண்ணியோட போச்சு. உதவிக்குக் கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போச்சு. ஊத்துப் பக்கமே நான் வரல மேடம்..."

இன்ஸ்பெக்டர் ஆற்றைப் பார்த்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாமல் விசிலை எடுத்து ஊதினாள்.

"ஒண்ணு."

"ரெண்டு," என்றாள் அண்ணி.

விலங்கு மாட்டிய கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவன் முனகினான். "மூணு..."

"நாலு," என்றார் கான்ஸ்டபிள், வராத குரலில்.

ஊற்றின் மேல் பனி லேசாக அசைந்தது.

"அஞ்சு."

அண்ணி அழுகையினூடே சிரித்தாள். "அவரேதான் மேடம். வீட்லயும் அப்படித்தான். எத்தனை தடவை கூப்பிட்டாலும் எல்லாருக்கும் கடைசியாத்தான் வருவாரு."

கான்ஸ்டபிளின் போர்வை நழுவி விழுந்தது. "மே... மேடம்... இதை ரிப்போர்ட்ல என்னன்னு எழுதறது?"

"நேர்ல பார்த்த சாட்சி ஒருத்தர் இருக்கார்னு எழுது. நீதான் ஏற்கெனவே நனைஞ்சிருக்கியே... அப்படியே நீந்திப் போய் சம்மனைக் குடுத்துட்டு, கையெழுத்து வாங்கிட்டு வந்துடு!"