பத்து என்று சொன்னவள்

கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் இரண்டு விரல் தடங்கள் வெள்ளியாக மினுங்கின. மாரிச்செல்வி ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். காலையிலும் இதே இடத்தில்தான் துடைத்திருந்தாள். பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் கையில் அப்பியிருக்கிற அலுமினியப் பொடி அது. விஸ்வநத்தத்தில் எந்த வீட்டுக் கதவிலும் அந்தத் தடம் கிடக்கும். ஆனால் இந்த வீட்டிலிருந்து ஆலைக்குப் போன ஒரே ஆள் அவள் புருஷன் மணிமுத்து. போர்மேனாக இருந்தவன், படுக்கையில் விழுந்து மாதக்கணக்காகிவிட்டது.

புற்று முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. வீடு தேடி வரும் நர்ஸ் அழகுமீனா அன்றும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, வலியே இல்லேன்னா சைபர். இதுக்கு மேல வலியே இருக்க முடியாதுன்னா பத்து. இப்ப எம்புட்டு?"

"மூணு." நேற்று இரண்டு என்றிருந்தான்.

"எரியுதா, குடையுதா, கரண்டு அடிச்ச மாதிரி காலுக்கு இழுக்குதா?"

"சும்மா கடுக்குது."

மாரிச்செல்விக்குப் புரியவில்லை. ராத்திரியெல்லாம் துண்டைக் கடித்துக்கொண்டு முனகுகிறவன், போர்வை காலில் உரசினாலே நெருப்புப் பட்டவன்போல் துடிக்கிறவன், கேட்க வந்தவளிடம் மட்டும் எதற்கு இந்தப் பொய் சொல்கிறான்?

வாசலில் அழகுமீனா குரலைத் தாழ்த்தினாள். "முகத்தப் பார்த்தா எனக்குத் தெரியுது மதினி. ஆனா மூணுன்னு சொன்னா சாதா மாத்திரைதான். பெரிய வலின்னு சொன்னாத்தான் டாக்டரு மார்ஃபின் மருந்து எழுதுவாக. பேசிப் பாருங்க, வண்டிகிட்ட நிக்கேன்."

உள்ளே வந்தபோது கம்பியில் மூன்று தடங்கள் இருந்தன. மின்விசிறி கிறீச்சிட்டு அறை முழுக்கச் சுழற்றிய காற்றில் டெட்டால் வாசனையை அமுக்கிக்கொண்டு கந்தக வாடை வந்தது, அதற்கும் அடியில் மயிர் பொசுங்கிய நாற்றம்.

"என்னங்க, உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். உள்ளதச் சொல்லுங்க. என்னால பார்க்க முடியலங்க."

அவன் கால்மாட்டையே பார்த்தான். "ஊர்க்காவலன் நிக்கான் செல்வி."

ஊர்க்காவலன், தீபாவளி சீசனில் ஆலை ஷெட் வெடித்தபோது மணிமுத்து தூக்கி வந்த தொழிலாளி. தூக்கும்போது அவனுடைய தோல் இவன் கையோடு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் நினைவோடு கிடந்து செத்தான்.

"பத்துன்னா என்னன்னு நான் பார்த்திருக்கேன். அது அவனோடது. நான் எத்தன சொல்லுதேனோ அத்தன விரல் வைக்கான். பத்தும் வச்சுட்டான்னா ஏறி வந்துருவான்."

காய்ச்சலில் உளறுகிறான் என்று நினைத்தாள். அப்படி நினைக்காவிட்டால் அவளும் பைத்தியமாகிவிடுவாள். அடுத்த வலி வந்தது. அவன் வில்லாக வளைந்தான், துண்டு பல்லில் கிழிந்தது. வெளியே வண்டி உறுமியது. காத்திருந்து பார்த்த அழகுமீனா கிளம்புகிறாள். இனி நாளைதான். இன்னொரு ராத்திரி தாங்காது. ஜன்னலுக்கு ஓடினாள்.

"வேண்டாம் செல்வி!"

"பத்து!" என்று கத்தினாள். "பத்துன்னு சொல்லுதாக!"

வண்டியின் உறுமல் நின்றது. "இருங்க மதினி, டாக்டருக்கு போன் போடுதேன்."

நெஞ்சு லேசானது. முனகலும் நின்றுவிட்டது. இத்தனை மாதத்தில் முதல் தடவை. திரும்பினாள்.

கம்பியில் தடங்கள் இல்லை.

விரல்கள் இருந்தன. வெள்ளி பூசிய விரல்கள். நகமில்லை. கம்பியை இறுகப் பிடித்திருந்தன. எண்ண வேண்டியதே இல்லை.

மெத்தை அமுங்கியது. கால் பக்கம். பிறகு முழங்கால் பக்கம். பிறகு இடுப்பு.

மணிமுத்துவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"மதினி, டாக்டரு லைன்ல இருக்காக," வெளியிலிருந்து குரல். "எரியுதான்னு கேளுங்க."

வெள்ளி விரல்கள் மணிமுத்துவின் கையைப் பற்றின. மெதுவாக. அடிபட்டவனைத் தூக்குவதைப்போல. தூக்கின.

தோல் மட்டும் அந்த விரல்களோடு வந்தது.