காவேரி அளந்த தண்ணீர்

விடிந்ததும் விடியாததுமாக ஆரம்பித்துவிட்டாள் மாமியார் கண்ணாயி.

“பேருதான் காவேரி! கட்டுனவன் நாக்கு வறண்டு கெடக்கறான்... ஒரு வாய் தண்ணி குடுக்க மனசு வரலியாடி உனக்கு?”

காவேரி, கணவன் நல்லமுத்து பாட்டிலில் பிடித்து வைத்திருந்த சிறுநீரை அளந்து பார்த்தாள். ஒரு டம்ளர்கூட இல்லை. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. முந்தின நாள் எவ்வளவு வெளியே போனதோ அவ்வளவு தண்ணீர், அதோடு இரண்டு டம்ளர். அதற்குமேல் ஒரு சொட்டும் கூடாது என்று சேலத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இதை மாமியாரிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் தன் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தான் நல்லமுத்து. அவன் அப்பாவும் இப்படித்தான் உடம்பெல்லாம் ஊதிச் செத்தார். “அதே சீக்குன்னு தெரிஞ்சா அம்மா தாங்காது புள்ள...”

“மூத்திரத்தப் புடிச்சு வெச்சு என்னடி பண்றே? செய்வினையா?” என்று மண்ணை வாரித் தூற்றினாள் கண்ணாயி. கொட்டச்சேடு எஸ்டேட் லைன் வீட்டுச் சனமே வேடிக்கை பார்த்தது. அழுகையை விழுங்கிக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கப் போனாள் காவேரி.

மத்தியானம் ஆள் வந்து கூப்பிட, ஓடி வந்தாள். நல்லமுத்துவுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. கட்டிலருகே காலிச் சொம்பு உருண்டு கிடந்தது. பெற்ற மனசு கொடுத்திருக்கிறது, தாகம் குடித்திருக்கிறது. யாரை நோவது? எஸ்டேட் ஜீப் அடிவாரம் வந்து சேர்வதற்குள் அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது.

“யாரும்மா இவ்வளவு தண்ணி குடுத்தது?” சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் சீறினார். “உள்ள போன தண்ணி வெளிய போக வழியில்லாம நெஞ்சுல கோத்துக்கிச்சு. கொல்லப் பாத்தீங்களே!”

கண்ணாயி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். காவேரி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“நாந்தானுங்க டாக்டர்... தெரியாம குடுத்துப்போட்டனுங்க.”

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு ஊசி போட்டார். “இந்தத் தடவை தப்பிச்சாரு. இன்னும் எத்தனை நாளைக்கோ, சொல்ல முடியாது.”

அவர் தலை மறைந்ததும் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு குமுறினாள் கண்ணாயி.

“என் பழிய நீ எதுக்குக் கண்ணு சொமந்தே? நொம்ப பேசிப்போட்டனே... இந்த வாய் வெந்துபோகாதா!”

“அழுவாதீங்க அத்தை... உங்களுக்குத் தெரியாதுங்களே!” காவேரி அவளைக் கட்டிக்கொண்டாள். இத்தனை மாதமாக அடக்கி வைத்த அழுகையெல்லாம் அந்தத் தோளில்தான் இறங்கியது.

சாயங்காலம் நல்லமுத்து கண் திறந்தான். மனைவி பக்கம் திரும்பவில்லை. அவளிடம் கேட்டுப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும்.

“அம்மா... ஒரு வாய் தண்ணி...”

கண்ணாயி மகனின் தலையைத் தடவினாள். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

“இல்ல சாமி” என்றாள் பெற்றவள்.