பிட்டுவின் குரலை மாற்றுங்கள்

“அதெப்படி ஒரு ரோபோவை அப்படியே விட்டுட்டு—”

“விட்டுட்டு இல்லை, கழட்டி விட்டுட்டு! கேப்டன் திரும்பிக்கூடப் பார்க்—”

“பார்த்தாரு! ஒரு தடவை பார்த்தாரு!”

“பார்த்துட்டும் போனாரு இல்ல? அது இன்னும் மோசம்!”

மாடிப்படியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தவர்கள் மெஹ்ரீனும் உதயாவும். அவள் ஆறாம் வகுப்பு, அவன் ஏழாம் வகுப்பு. அஸ்தினாபுரத்தில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் இருவர் வீடும். சத்தம் கேட்டு மெஹ்ரீனின் அம்மா ஜஹீரா எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் ஒரே கட்சிதானே? அப்புறம் யார்கூடச் சண்டை போடுறீங்க?”

“டிவிகூட!” என்றார்கள் இருவரும்.

‘வானத் துறைமுகம்’ தொடர் நேற்றுதான் முடிந்திருந்தது. இரண்டு வருடம், நூற்று நான்கு சனிக்கிழமைகள். மெஹ்ரீன் ஒரு வாரம்கூட விட்டதில்லை. படப்பையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுகூட, சமையல்காரரின் போனைக் கெஞ்சி வாங்கி, பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தாள்.

அப்படிப் பார்த்த தொடரை எப்படி முடித்தார்கள் தெரியுமா? விண்கலத்தில் எடை அதிகம் என்று சொல்லி, குட்டி ரோபோ பிட்டுவை ஆளே இல்லாத ஒரு கோளில் இறக்கிவிட்டார்கள். “பரவாயில்லை கேப்டன், நீங்கள் கிளம்புங்கள்” என்றது பிட்டு. விண்கலம் கிளம்பியது. ‘முற்றும்’ என்று போட்டார்கள்.

“எடை அதிகமாம்!” என்று பல்லைக் கடித்தாள் மெஹ்ரீன். “உள்ள அவ்வளவு பெரிய சாப்பாட்டு மேசை இருக்கே, அதை இறக்குறதுதானே?”

உதயா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். “டிவியில ஒரு நம்பர் போட்டாங்க. ‘உங்கள் கருத்தை அனுப்புங்கள்’னு. அனுப்பிடுவோம். உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும். எழுது.”

மெஹ்ரீன் எழுதினாள். ஒன்று, கடைசி வாரத்தை மறுபடியும் எடுக்க வேண்டும். இரண்டு, பிட்டுவைப் பூமிக்கு அழைத்து வர வேண்டும். மூன்று, கேப்டன் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

“நாலாவதா ஒண்ணு எழுது” என்றான் உதயா. “பிட்டுவின் குரலை மாற்றுங்கள்.”

மெஹ்ரீனின் பேனா நின்றது. “கீதா அக்காவையா?”

இரண்டாவது மாடியில் இருக்கும் கீதா அக்காதான் பிட்டுவுக்குக் குரல் கொடுத்தவர். மற்ற ஊர்களில் எல்லாம் பிட்டு விண்வெளியில்தான் பேசும். இந்தக் கட்டடத்தில் மட்டும் அது கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசும்.

“பின்னே? தனியா விட்டுட்டுப் போறாங்க, ‘பரவாயில்லை’யாம்! கொஞ்சமாவது அழ வேணாம்? ஏதோ பஸ் ஏத்திவிடுற மாதிரி சொல்றாங்க. கேப்டனை நம்மால பிடிக்க முடியாது. இவங்க நம்ம கட்டடத்துலயே இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணலாமா?”

அது சரி என்றுதான் மெஹ்ரீனுக்கும் தோன்றியது. கோபமாக இருக்கும்போது எல்லாமே சரியாகத்தான் தோன்றுகிறது. எழுதிவிட்டாள், மற்ற மூன்றையும்விடப் பெரிய எழுத்தில்.

நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். காவல்காரர் குமரேசன் அண்ணன் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. “பார்க்கலைன்னா என்ன பாப்பா? அநியாயம்னா அநியாயம்தான்” என்று அவரும் போட்டார். உதயா அதைப் படமெடுத்து அவன் அம்மாவின் போனிலிருந்து அனுப்பினான்.

புதன்கிழமை பதில் வந்தது. சனிக்கிழமை நேரில் வந்து பேட்டி எடுப்பார்களாம்! கட்டடமே துள்ளியது.

வெள்ளிக்கிழமை மாலை மெஹ்ரீன் பள்ளியிலிருந்து வந்து படியேறிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பிட்டுவின் குரல் கேட்டது.

“பீப். அறிவிப்பு. மெஹ்ரீனின் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறது.”

வழக்கமாக அவள் சிரிப்பாள். இன்றைக்குச் சட்டென்று திரும்பினாள்.

“அந்தக் குரல்ல பேசாதீங்கக்கா!”

“ஐயோ, என்னடா ஆச்சு?” கீதா அக்காவின் சொந்தக் குரல் வந்துவிட்டது.

“ஏன்க்கா ‘முடியாது, நானும் வருவேன்’னு சொல்லலை? பிட்டுவுக்குத்தான் வாயே கிடையாதே! வாயசைவுக்குப் பொருந்தணும்னுகூட இல்லை. நீங்க என்ன வேணா சொல்லியிருக்கலாம்!”

கீதா அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

“ஒரு கண்ணாடி அறைக்குள்ள நான் மட்டும் நிப்பேன் மெஹ்ரீன். என் வசனத்தை மட்டும்தான் கையில குடுப்பாங்க. கதை எப்படி முடியும்னு உனக்குத் தெரியாத மாதிரி எனக்கும் தெரியாது. அன்னைக்கு அந்தத் தாளைப் படிச்சதும் அழுகை வந்துடுச்சு. அழுதுக்கிட்டேதான் பேசினேன். ‘கட், ரோபோ அழாது’ன்னாங்க. நாலு தடவை பேசினேன். நாலு தடவையும் கட். அஞ்சாவது தடவை பேசினதுதான் நீ கேட்டது.”

மெஹ்ரீன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள்.

“சரி, அதை விடு. ஒரு நல்ல சேதி கேளு. அதே சேனல்ல புதுத் தொடர் வருது. குட்டி யானைக்கு என் குரலைக் கேட்டிருக்காங்க. திங்கட்கிழமை முடிவு சொல்றாங்க. இப்பவே பிளிறிப் பார்த்துக்கிட்டு இருக்கேன், பக்கத்து வீட்டுல பயந்துட்டாங்க!”

அவர் சிரித்தார். மெஹ்ரீனுக்கு அந்த நாலாவது வரி நினைவுக்கு வந்தது. அதே சேனல். அதே சேனலுக்குத்தான் அந்தத் தாள் போயிருக்கிறது.

நேரே உதயாவின் வீட்டுக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகமும் சுருங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை.

“சேனல்ல படிச்சாச்சு. இப்பப் போய் மாத்திச் சொன்னா, நம்மளைத்தான் சின்னப் பசங்கன்னு கிண்டல் பண்ணுவாங்க. நாற்பத்து மூணு பேர் போட்ட கையெழுத்து!”

“கையெழுத்து நாற்பத்து மூணு பேரோடது. எழுதினது என் கை.”

சனிக்கிழமை மதியம் சேனலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவரிடம் கேமரா, இன்னொருவரிடம் மைக். மைக் வைத்திருந்தவர் பெயர் ராகவேந்திரா. வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மேலே விமானம் தாழப் பறந்தது. அது போகும்வரை காத்திருந்துவிட்டு அவர் ஆரம்பித்தார்.

“எழுதினது யாரு? நீயாம்மா? அழகான கையெழுத்து. முதல் மூணு வேணாம், நாலாவதை மட்டும் சொல்லு. பிட்டுவோட குரல் சரியில்லை, அதனாலதான் முடிவு பிடிக்கலைன்னு. சரியா?”

“முதல் மூணு ஏன் சார் வேணாம்?”

“அதெல்லாம் நடக்காதும்மா. குரலை மாத்துறது சுலபம். அடுத்த தொடருக்கே வேற ஆளைப் போட்டுடலாம்.”

அந்த நேரம் பார்த்துக் கீதா அக்கா காய்கறிப் பையோடு வாசலுக்கு வந்தார். ராகவேந்திராவுக்கு அவரைத் தெரியவில்லை. குரலைத் தெரிந்தவர்களுக்கு முகம் எப்படித் தெரியும்?

“கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா, கேமராவுல விழறீங்க” என்றார்.

மெஹ்ரீனுக்கு முகம் சிவந்தது. “அவங்க ஏன் சார் ஓரமா நிக்கணும்? அவங்கதான் பிட்டு!”

ராகவேந்திராவின் மைக் தானாகவே கீழே இறங்கியது. மெஹ்ரீன் கீதா அக்காவின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, உங்க குரலை மாத்தச் சொல்லி எழுதினது நான்தான். கோபத்துல எழுதிட்டேன். தப்புக்கா.”

“எழுதச் சொன்னது நான்க்கா” என்று உதயா அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

கீதா அக்கா மெஹ்ரீன் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். பெரிய எழுத்தில் இருந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது மட்டும் இவ்வளவு பெருசாவா எழுதுவே?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தாலும் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து மெஹ்ரீனிடம் நீட்டினார்.

மெஹ்ரீன் நாலாவதை அழுத்தமாக அடித்தாள். “சார், இவங்க நாலு தடவை அழுதுக்கிட்டே பேசியிருக்காங்க. நீங்கதான் வேணாம்னு சொல்லியிருக்கீங்க. இதைப் படம் எடுங்க. இல்லைன்னா எதையும் எடுக்காதீங்க.”

“ஆமா சார்!” என்றது வரிசை முழுவதும். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது குமரேசன் அண்ணன்தான்.

ராகவேந்திரா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சரிம்மா, சரி. குரல் மேல யாருக்கும் குறை இல்லைன்னு எழுதிக்கிறேன். யானைக்கும் மேடமே பேசட்டும், நானே சொல்லிடுறேன். இப்பச் சந்தோஷம்தானே? கிளம்பலாமா?”

“இன்னும் மூணு இருக்கு சார்.”

“முடிவு முடிவுதாம்மா! அதெல்லாம் பெரியவங்க நல்லா யோசிச்சு, எல்லாக் கோணத்துலயும் பார்த்துத்தான் எழுதியிருக்காங்க.”

மெஹ்ரீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“யோசிச்சாங்களா? அப்போ சொல்லுங்க சார், அந்தக் கோள்ல பிட்டுவுக்கு யாரு சார்ஜ் போடுவாங்க?”